கலங்கல் தெளிய எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி இது: அளவு உருளையில் மண்ணைக் கரைத்து வைத்தால் மணல் சில விநாடிகளில் அடியில் சேர்ந்துவிடுகிறது, களிமண்ணோ மறுநாளும் கலங்கலாகவே நிற்கிறது. துகள் விழும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதியை வைத்துப் படியும் நேரத்தைக் கணக்கிட்டால் கண்ணால் காண்பதோடு பொருந்துவதில்லை. சில சமயம் கணக்கைவிட மெதுவாகத் தெளிகிறது, சில சமயம் பல மடங்கு வேகமாக. பிழை விதியிலா, கணக்கிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. எல்லையற்ற, அசையாத, ஒரே வெப்பநிலையிலுள்ள பாய்மத்தில் (நீர், காற்று போன்ற ஓடும் பொருளில்) தன்னந்தனியாக, மெதுவாக விழும் வழவழப்பான கோளம் ஒன்றைப் பற்றியது ஸ்டோக்ஸ் விதி. உங்கள் உருளைக்குள் விழுவது அந்தக் கோளம்தானா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பல நேரம் அங்கே விழுவது துகள்கள் ஒட்டிய திரளாக இருக்கும். அல்லது துகள் கலந்த நீரே ஒட்டுமொத்தமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். எது விழுகிறது என்று தெரிந்துவிட்டால் எந்தக் கணக்கு பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் தனித் துகள். அதன் மீது எடை கீழ்நோக்கியும், மிதப்பு விசையும் பாய்மத்தின் இழுவிசையும் மேல்நோக்கியும் செயல்படுகின்றன. வேகம் கூடக்கூட இழுவிசையும் கூடி, மூன்றும் சமனானதும் முடுக்கம் நின்று சீரான வேகம் வந்துவிடுகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். இதை எட்ட எடுக்கும் நேரம் சொற்பம்: 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள குவார்ட்ஸ் துகள், அதாவது மணலில் மிகுந்துள்ள கனிமத்தின் துகள், நீரில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில் அதன் பெரும்பகுதியை அடைந்துவிடும். எனவே தொடக்க முடுக்கத்தை நுண்துகள்களுக்குக் கணக்கில் எடுக்கத் தேவையே இல்லை.

அந்த வேகத்துக்கான சூத்திரம், ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் ஊசல்களின் இயக்கத்தைப் பாய்ம உராய்வு எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்து 1851இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது. சொல்லில் எழுதினால் இப்படி: துகளின் அடர்த்தியிலிருந்து பாய்மத்தின் அடர்த்தியைக் கழித்து, அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் விட்டத்தின் இருமடியாலும் பெருக்கி, பாகுநிலையின் (பாய்மம் ஓடுவதற்குக் காட்டும் உள் எதிர்ப்பின்) 18 மடங்கால் வகுக்க வேண்டும். விட்டத்துக்குப் பதில் ஆரத்தை வைத்தால் மேலே 2, கீழே 9 என்று எண்கள் மாறும். ஒரு புத்தகத்தின் ஆரச் சூத்திரத்தில் இன்னொரு புத்தகத்தின் விட்டத்தைப் போட்டுவிட்டால் விடை நான்கு மடங்கு பிசகும். கணக்கு பொருந்தவில்லை என்று வருபவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். வேறு எதையும் ஆராயும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

20 டிகிரி செல்சியஸ் நீரில், அடர்த்தி கன மீட்டருக்கு 2650 கிலோகிராம் உள்ள குவார்ட்ஸ் துகளுக்கு எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 50 மைக்ரான் துகள் விநாடிக்கு 2.25 மில்லிமீட்டர் இறங்கும். 10 சென்டிமீட்டரை 45 விநாடிக்குள் கடக்கும். 20 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் 4 நிமிடம் 38 விநாடி. 10 மைக்ரானுக்கு 18 நிமிடத்துக்குச் சற்று மேல். களிமண்ணின் மேல் எல்லையாகக் கொள்ளப்படும் 2 மைக்ரானுக்கு 7 மணி 44 நிமிடம். 0.1 மைக்ரான் துகளுக்கு நூறு நாளுக்கும் அதிகம். விட்டம் பாதியானால் நேரம் நான்கு மடங்காகிறது. மணலும் களிமண்ணும் ஒரே உருளையில் இவ்வளவு வேறுபட்டு நடந்துகொள்வதற்கு இந்த இருமடி உறவு ஒன்றே போதும். களிமண் 'எடை குறைந்தது' என்பதால் மிதப்பதில்லை. அதன் கனிமங்களின் அடர்த்தியும் குவார்ட்ஸின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பாகுநிலை வெப்பநிலையோடு வேகமாக மாறும். நீருக்கு அது 10 டிகிரியில் 1.31, 20 டிகிரியில் 1.00, 30 டிகிரியில் 0.80 மில்லிபாஸ்கல்-விநாடி. மேலே சொன்ன 7 மணி 44 நிமிடம் 25 டிகிரியில் 6 மணி 52 நிமிடமாகவும், 30 டிகிரியில் 6 மணி 9 நிமிடமாகவும் குறைந்துவிடும். அட்டவணையில் உள்ள நேரத்தை எடுத்துக்கொண்டு அது எந்த வெப்பநிலைக்கானது என்று பார்க்காமல் விடுவது இரண்டாவது பொதுப் பிழை.

சூத்திரத்துக்கு மேல் எல்லை ஒன்று உண்டு. பாய்மத்தின் நிலைமம் பாகுநிலைக்கு முன்னால் புறக்கணிக்கத்தக்கதாக இருக்கும்வரைதான் அது செல்லும். அதை அளப்பது ரெனால்ட்ஸ் எண்: வேகத்தையும் விட்டத்தையும் பாய்ம அடர்த்தியையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் கிடைப்பது. 50 மைக்ரான் குவார்ட்ஸுக்கு அது 0.11, பிழை 3 சதவீதம்தான். 100 மைக்ரானில் சூத்திரம் விநாடிக்கு 9 மில்லிமீட்டர் என்கிறது, உண்மையில் கோளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர்தான் இறங்கும். 1 மில்லிமீட்டர் மணலுக்குச் சூத்திரம் விநாடிக்கு 90 சென்டிமீட்டர் தரும். உண்மை 16 சென்டிமீட்டர் அளவே. மணல் கோளமாக இல்லாமல் முனை முனையாக இருந்தால் அதைவிடவும் குறையும்.

இந்த இடைப்பட்ட பகுதிக்குக் கையால் போடக்கூடிய வழி இருக்கிறது. ஸ்டோக்ஸ் வேகத்தை முதல் ஊகமாகக் கொண்டு ரெனால்ட்ஸ் எண்ணைக் கணக்கிடுங்கள். அதை 0.687 அடுக்குக்கு உயர்த்தி 0.15ஆல் பெருக்கி 1ஐக் கூட்டுங்கள். ஸ்டோக்ஸ் வேகத்தை அந்த எண்ணால் வகுத்தால் புதிய வேகம் கிடைக்கும். புதிய வேகத்தில் மறுபடி ரெனால்ட்ஸ் எண், மறுபடி திருத்தம். ஒவ்வொரு முறையும் வகுபடுவது முதலில் கண்ட ஸ்டோக்ஸ் வேகமே. திருத்திய வேகத்தையே மேலும் வகுத்துக்கொண்டு போனால் விடை பூச்சியத்தை நோக்கி ஓடிவிடும். சிறு துகளுக்கு மூன்று நான்கு சுற்றில் எண் நிலைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் போன்ற பெரிய துகளுக்கு விடை மேலும் கீழும் ஊசலாடும், அப்போது பழைய விடைக்கும் புதிய விடைக்கும் சராசரியை எடுத்துத் தொடருங்கள். ரெனால்ட்ஸ் எண் சுமார் 1000 வரை இது நம்பத்தக்கது. அதற்கு மேல் இழுவைக் குணகம் ஏறக்குறைய 0.44 என்று நிலைத்துவிடுவதால் வேகம் விட்டத்தின் இருமடியோடு அல்லாமல் அதன் வர்க்கமூலத்தோடுதான் கூடும்.

கீழ் எல்லையைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. நீர் மூலக்கூறுகளின் மோதல் நுண்துகளை ஓயாமல் அலைக்கழிக்கிறது. ஈர்ப்புக்கு எதிராக அந்த வெப்ப ஆற்றல் ஒரு துகளைச் சராசரியாக எவ்வளவு உயரம் தூக்கி நிறுத்தும் என்று கணக்கிடலாம்: 1 மைக்ரான் குவார்ட்ஸை அரை மைக்ரான், 0.1 மைக்ரானை அரை மில்லிமீட்டர். 20 நானோமீட்டர் துகளை 6 சென்டிமீட்டர். ஆக, 20 நானோமீட்டர் துகள்கள் 10 சென்டிமீட்டர் உருளையில் எத்தனை ஆண்டு வைத்தாலும் முழுமையாகப் படியா. அடியில் செறிவாகவும் மேலே ஐதாகவும் ஒரு சமநிலையில் நின்றுவிடும். ழான் பெரென் 1908 முதல் செய்த சோதனைகளில் நுண்ணோக்கியின் கீழ் துகள்களை உயரம் உயரமாக எண்ணி, அந்தச் சமநிலையிலிருந்தே அவகாட்ரோ எண்ணைக் கண்டார். 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் படிதல் சமநிலைக்குப் பெரும் பங்கு உண்டு.

காற்றிலும் இதே விதிதான், எண்கள்தான் வேறு. 10 மைக்ரான் நீர்த்துளி காற்றில் விநாடிக்கு 3 மில்லிமீட்டர் இறங்கும். மேகம் கீழே விழாமல் நிற்பதுபோலத் தோன்றுவதற்கு இந்தச் சிறு வேகமே காரணம். மிக மெல்லிய மேல்நோக்கிய காற்றோட்டமே அதை ஈடுகட்டிவிடுகிறது. துகள் ஒரு மைக்ரானுக்குக் கீழே போனால் காற்று அதற்குத் தொடர்ச்சியான பாய்மமாகத் தெரியாது, மூலக்கூறுகளுக்கிடையே நழுவி விழத் தொடங்கும். 1910இல் கன்னிங்ஹாம் இதற்கான திருத்தத்தைத் தந்தார்: 1 மைக்ரானுக்கு வேகம் 16 சதவீதம் கூடும், 0.1 மைக்ரானுக்கு ஏறக்குறைய மூன்று மடங்காகும். மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தபோது இந்த நழுவலைத் திருத்திவிட்டார்; ஆனால் காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்த மதிப்பு சற்றுக் குறைவாக இருந்ததால் அவருடைய விடையும் இன்றைய மதிப்பைவிட அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தே நின்றது. படியும் வேகத்திலிருந்து எதைக் கணித்தாலும் பாகுநிலையின் பிழை விடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி கூட்டம். கணக்கைவிட மெதுவாகத் தெளிவதற்கு முதல் காரணம் இதுதான்.

மெதுவாக விழும் துகள் தன்னைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கலக்கம் தூரத்தோடு மிக மெல்லத்தான் குறைகிறது: பத்து விட்டத் தொலைவில் இருக்கும் இன்னொரு துகளும் அதை உணரும். இதிலிருந்து முரண்போலத் தோன்றும் இரண்டு விளைவுகள் வருகின்றன. பரந்த நீரில் அருகருகே விழும் இரு கோளங்கள் தனியாக விழும் ஒன்றைவிட வேகமாக விழும். ஒன்று இழுக்கும் நீரில் மற்றது சவாரி செய்கிறது. ஆனால் உருளையின் குறுக்கு வெட்டு முழுவதும் துகள்கள் சீராகப் பரவியிருந்தால் ஒவ்வொன்றும் தனித்து விழுவதைவிட மெதுவாகவே இறங்கும். ஏனென்றால் அடியில் தரை இருக்கிறது. கீழே போகும் துகள்களின் கன அளவுக்கு ஈடான நீர் மேலே வந்தாக வேண்டும், அவை இழுத்துப்போகும் நீரும் திரும்பி வந்தாக வேண்டும். அந்தத் திரும்பும் ஓட்டம் துகள்களின் நடுவே புகுந்துதான் மேலேற முடியும். நெரிசலான சந்தில் எதிரே வருபவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே நடப்பதுபோல ஒவ்வொரு துகளும் அந்த எதிரோட்டத்தைத் தாங்கிக்கொண்டு இறங்குகிறது.

இதற்கு 1954இல் ரிச்சர்ட்சனும் ஸகியும் தந்த அனுபவச் சூத்திரம் இன்றும் போதுமானது: 1இலிருந்து துகள்களின் கனஅளவுப் பங்கைக் கழித்து, நுண்துகளானால் 4.65 அடுக்குக்கு உயர்த்தி, தனித் துகளின் வேகத்தோடு பெருக்க வேண்டும். ரெனால்ட்ஸ் எண் கூடக்கூட அந்த அடுக்கு குறைந்து 2.4இல் நிற்கும். கன அளவில் 10 சதவீதம் துகள் இருந்தால் வேகம் 61 சதவீதமாகும். 20 சதவீதம் இருந்தால் 35. 30 சதவீதம் இருந்தால் 19. எடைப் பங்கையும் கனஅளவுப் பங்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லிட்டருக்கு 50 கிராம் மண் என்பது எடையில் 5 சதவீதம்போலத் தோன்றினாலும் கன அளவில் 1.9 சதவீதமே. அதற்கே வேகம் 8 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. மண் ஆய்வில் இதைப் பொருட்படுத்தாமல் விடுவதற்கு ஒரு நியாயம் உண்டு: விட்டம் வேகத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே வேகத்தில் 8 சதவீதப் பிழை விட்டத்தில் 4 சதவீதமாகச் சுருங்கிவிடும். லிட்டருக்கு 200 கிராம் போட்டுவிட்டு அதே நியாயத்தைச் சொல்ல முடியாது.

சுவரும் மெதுவாக்கும். குழாயின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள குண்டு அதன் நடுவே விழுந்தால் வேகம் 21 சதவீதம் குறையும். நூறில் ஒரு பங்கானால் 2 சதவீதம். விழும் குண்டைக் கொண்டு எண்ணெயின் பாகுநிலையை அளப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். களிமண்ணுக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது வேகமாக்கும் காரணங்கள். சாய்ந்த குழாயில் கலங்கல் நிமிர்ந்த குழாயில் இருப்பதைவிட விரைவாகத் தெளியும். 1920இல் பாய்காட் இரத்தத்தில் இதைக் கவனித்து எழுதினார். சாய்வில் துகள் முழு உயரத்தையும் கடக்க வேண்டியதில்லை. சிறிது தூரம் விழுந்ததும் கீழ்ச் சுவரைத் தொட்டுவிடும். அங்கே சேரும் அடர்ந்த படலம் சுவரோடு வழுக்கிக்கொண்டு இறங்கும், மேல்ச் சுவரையொட்டித் தெளிந்த நீர் விறுவிறுவென ஏறும். இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் வெஸ்டர்கிரென் குழாயை நேராக நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்: வெறும் 3 டிகிரி சாய்வு ஒரு மணி நேர அளவீட்டை 30 சதவீதம் வரை கூட்டிவிடக்கூடும். இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்துபவை தண்ணீர்ச் சுத்திகரிப்பில் வரும் சாய்தகட்டுத் தொட்டிகள். தகடுகள் 55 முதல் 60 டிகிரி சாய்வில் அடுக்கப்படும். அதைவிடப் படுக்கையாக வைத்தால் சேறு வழுக்கி இறங்காமல் தகட்டின் மேலேயே தங்கிவிடும்.

நீரே நகர்வதும் கணக்கைப் பிசகவைக்கும், சில சமயம் மெதுவாக்கியும் சில சமயம் வேகமாக்கியும்; அநேகமாக யாரும் சந்தேகிக்காத காரணம் இது. 20 டிகிரி அருகில் 0.1 டிகிரி வேறுபாடு நீரின் அடர்த்தியை ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு மாற்றும். லிட்டருக்கு 33 மில்லிகிராம் குவார்ட்ஸ் கலந்த நீர் தெளிந்த நீரைவிட எவ்வளவு கனமோ அதே அளவு இது. 2 மைக்ரான் துகள் விநாடிக்கு 3.6 மைக்ரான்தான் இறங்குகிறது. உருளையின் ஒரு பக்கம் வெயிலோ விளக்கோ பட்டால் எழும் சலனம் அதைவிட மிக வேகமாக நீரைச் சுழற்றிவிடும். அப்படிச் சுழலும் நீரில் களிமண் படியாமல் நாள் கணக்கில் நிற்கும். உருளையைச் சீரான வெப்பநிலையுள்ள நீர்த்தொட்டிக்குள் நிறுத்துவது ஆடம்பரமல்ல.

இதன் மறுபக்கம்: எல்லாத் துகளும் ஒரே உயரத்திலிருந்து விழத் தொடங்கட்டும் என்று தெளிந்த நீரின் மேல் கலங்கல் நீரை மெல்ல ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. மேலே இருக்கும் அடுக்கு கனமானது. அது துகள் துகளாக இறங்காமல் விரல் விரலாகக் கீழே பாய்ந்துவிடும். 2 மைக்ரான் துகள் மணிக்கணக்கில் கடக்க வேண்டிய தூரம் விநாடிக்கணக்கில் கடந்துவிடும். மையவிலக்கியில் இந்த முறையைக் கையாள்பவர்கள் அடியில் கனமாகவும் மேலே இலேசாகவும் இருக்கும்படி சர்க்கரைக் கரைசலை அடுக்கிவிட்டுத்தான் மாதிரியை மேலே விடுகிறார்கள். கடலடியில் இதே செயல் பேரளவில் நிகழும். 1929 நவம்பர் 18 அன்று வட அட்லாண்டிக்கின் கிராண்ட் பேங்க்ஸ் அருகே நிலநடுக்கம் ஏற்பட்டபோது சரிந்த சேறு நீரோடு கலந்து சரிவில் பாய்ந்து, கடலடித் தந்திக் கம்பிகள் பன்னிரண்டை அறுத்தது. மையப்பகுதியிலிருந்து தொலைவில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கான இடைவெளியில் அறுந்ததை வைத்தே அந்தப் பாய்ச்சலின் வேகத்தைப் பின்னாளில் கணக்கிட்டார்கள்.

கணக்கைவிடப் பல மடங்கு வேகமாகத் தெளிந்தது என்றால், அநேகமாக நடந்திருப்பது திரளல். நன்னீரில் களிமண் துகள்களின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும்; ஒன்றையொன்று தள்ளி விலக்கிக்கொள்ளும். நீரில் உப்பு கூடினால் இந்தத் தள்ளுவிசையின் எட்டும் தூரம் சுருங்கும். நெருங்கி வந்த துகள்கள் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பில் (மிக நெருக்கத்தில் மட்டும் வலுப்பெறும் மூலக்கூறு ஈர்ப்பில்) ஒட்டிக்கொள்ளும். அயனியின் மின்னூட்டம் கூடக்கூட இதற்குத் தேவைப்படும் அளவு செங்குத்தாகக் குறைகிறது: சோடியத்தைவிடக் கால்சியம் மிகக் குறைவாகப் போதும், அலுமினியம் அதைவிடவும் குறைவாக. அதனால்தான் கடினநீரில் கரைத்த களிமண் வடிநீரில் கரைத்ததைவிடச் சீக்கிரம் தெளிகிறது. ஆற்றின் வண்டல் கடலைத் தொடும் முகத்துவாரத்தில் திரண்டு படிகிறது. சோதனையில் சாதாரணக் குழாய்நீரைப் பயன்படுத்திவிட்டுச் சூத்திரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

திரளின் வேகத்தைக் கணக்கிடும்போது விட்டத்தை மட்டும் பெரிதாக்கினால் தவறும். திரளின் உடம்பில் பெரும்பங்கு நீர். அதன் அடர்த்தி நீரைவிடக் கொஞ்சமே கூடுதல். திரள் பெரிதாகப் பெரிதாக உள்ளே வெற்றிடம் கூடுவதால் அடர்த்தி வேறுபாடு மேலும் குறையும். ஆகவே அதன் வேகம் விட்டத்தின் இருமடிக்கும் குறைவாகவே கூடும். அப்படியிருந்தும் லாபம் பெரிது. 2 மைக்ரான் தனித் துகள் நாளொன்றுக்கு 31 சென்டிமீட்டர்தான் இறங்கும், 4000 மீட்டர் கடலாழத்தை எட்ட முப்பத்தைந்து ஆண்டு ஆகும். ஆழ்கடலில் பொழியும் உயிர்க்கழிவுத் திரள்கள் நாளுக்குப் பத்து மீட்டர்கள் முதல் நூறு மீட்டர்களுக்கு மேலும் இறங்குகின்றன. மேற்பரப்பில் உண்டாகும் பொருள் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடித்தரையை எட்டுவது இந்தத் திரளலால்.

படிகாரத்தால் நீரைத் தெளிய வைப்பதும் இதுவே. சரியான அளவைக் கணக்கால் கண்டுபிடிக்க முடியாது. குவளைச் சோதனைதான் வழி. ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் படிகாரத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் 1 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் கலங்கல் நீரில் விட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆறு குவளைகளில் 10 முதல் 60 வரை ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு நிமிடம் வேகமாக, நிமிடத்துக்கு 100 சுற்று. பிறகு 15 முதல் 20 நிமிடம் மெதுவாக, 30 சுற்று. அரை மணி நேரம் அசையாமல் விட்டு, மேலே உள்ள நீரின் கலங்கலை அளக்க வேண்டும். மெதுவாகக் கலக்க வேண்டிய கட்டத்தில் வேகமாகக் கலக்கினால் உருவான திரள்கள் கிழிந்துபோகும், கிழிந்தவை முன்போல ஒட்டுவதில்லை. 1 மில்லிகிராம் படிகாரம் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் அரை மில்லிகிராம் காரத்தன்மையை உண்டுவிடும்; நீரில் அது போதாவிட்டால் பி.எச். சரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு உருவாகாமலே போகும். கூடுதலாகப் போட்டால் இன்னும் நன்றாகத் தெளியும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. அளவு மீறினால் துகளின் எதிர்மின்னூட்டம் நேர்மின்னூட்டமாக மாறி, மறுபடி ஒன்றையொன்று தள்ளத் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு விசித்திரம். தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் துகள்கள் மெதுவாகப் படிந்தாலும், படிந்தபின் நெருக்கமாக அடைந்து கல்போல இறுகிவிடும். திரண்டு படிந்தவை சீக்கிரம் அடியில் சேர்ந்தாலும் பஞ்சுபோலத் தளர்ந்தே கிடக்கும். குலுக்கினால் மறுபடி கலந்துவிடும். குலுக்கிக் குடிக்க வேண்டிய மருந்துகளையும் சில வண்ணப்பூச்சுகளையும் செய்பவர்கள் துகள்களை முழுமையாகப் பிரித்து வைக்காமல், இலேசான திரளலை வேண்டுமென்றே விட்டுவைப்பது இதற்காக. படியாமல் வைப்பதைவிட, படிந்தது கலையும்படி வைப்பது எளிது.

துகள் அளவை அறியத்தான் இந்தச் சோதனை என்றால் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: திரள்களை முதலில் உடைக்க வேண்டும். கரிமப்பொருள் இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடால் நீக்கிவிட்டு, 50 கிராம் உலர்ந்த மண்ணை லிட்டருக்கு 40 கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் (துகள்களை ஒட்டாமல் பிரித்து வைக்கும் உப்பு) கரைத்த நீரில் 125 மில்லிலிட்டர் ஊற்றிக் குறைந்தது 16 மணி நேரம் ஊற வையுங்கள். அந்தக் கரைசல் மாதக்கணக்கில் நின்றால் சிதைந்து வலுவிழக்கும், புதிதாகத் தயாரியுங்கள். கலக்கியில் நன்கு அடித்து, வடிநீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, உருளையின் வாயை மூடி ஒரு நிமிடம் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கரண்டியால் சுழற்றிக் கலக்கக் கூடாது; சுழற்சி நிற்க நேரமாகும், துகள்களும் ஒருபக்கமாக ஒதுங்கும்.

உருளையை நிறுத்திய கணமே நேரம் தொடங்குகிறது. 20 டிகிரியில் 4 நிமிடம் 38 விநாடி கழித்து 10 சென்டிமீட்டர் ஆழத்தில் பிப்பெட்டால் 25 மில்லிலிட்டர் எடுத்தால் அதில் 20 மைக்ரானுக்கு மேற்பட்டது எதுவும் இருக்காது. 7 மணி 44 நிமிடத்தில் எடுத்தால் 2 மைக்ரானுக்கு உட்பட்டது மட்டும் இருக்கும். அதைவிடச் சிறியவை அந்த ஆழத்தில் தொடக்கச் செறிவிலேயே இருக்கும், ஏனென்றால் கீழே போனவற்றின் இடத்துக்கு மேலிருந்து அதே அளவு வந்துகொண்டிருக்கிறது. முறையின் உயிர்நாடி இந்தக் கூற்றுதான். எடுத்ததை உலர்த்தி எடை பார்க்கும்போது ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். ஒரு லிட்டரில் அது 5 கிராம், 25 மில்லிலிட்டரில் 0.125 கிராம். அதே 25 மில்லிலிட்டரில் மொத்த மண்ணே 1.25 கிராம்தான் என்பதால், மறந்தால் களிமண்ணின் அளவு பத்து சதவீதப் புள்ளி ஏறிவிடும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: களிமண் துகள்கள் தகடுகள். இந்த முறை தரும் 'விட்டம்' அதே வேகத்தில் விழும் கோளத்தின் விட்டமே தவிர, தகட்டின் அகலம் அல்ல. அகலம் எப்போதும் அதைவிடப் பெரிது. துகள் அளவை லேசரால் அறியும் கருவியோடு ஒப்பிட்டால் களிமண் பங்கு ஒத்துப்போகாததற்கு இதுவே பெரும்பாலான காரணம்.

அவசரமென்றால் மையவிலக்கி. 10 சென்டிமீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்று என்பது ஈர்ப்பைப்போல ஆயிரம் மடங்கு. 5 சென்டிமீட்டர் விழ 64 நாள் எடுக்கும் 0.1 மைக்ரான் துகள் ஒன்றரை மணி நேரத்தில் அடியை அடையும். ஓடும் நீரைத் தெளியவைக்கும் தொட்டியில் வேறொரு எண் முக்கியம். 1904இல் ஹேசன் காட்டியபடி, தொட்டியின் ஆழத்துக்கு அங்கே வேலையில்லை. வரும் நீரின் அளவை மேற்பரப்பால் வகுத்தால் வரும் வேகத்தைவிட விரைவாக இறங்கும் துகள்கள் எல்லாம் பிடிபடும். மணிக்கு 36 கன மீட்டர் நீர் 10 சதுர மீட்டர் தொட்டிக்குள் வந்தால் அந்த வேகம் விநாடிக்கு 1 மில்லிமீட்டர்; 33 மைக்ரானுக்கு மேற்பட்ட குவார்ட்ஸ் தங்கிவிடும், அதற்குச் சிறியதில் ஒரு பகுதி வெளியேறும். ஆழத்தை இரட்டிப்பாக்கினால் துகள் விழ வேண்டிய தூரமும் இரட்டிப்பாகிறது, நீர் தங்கும் நேரமும் இரட்டிப்பாகிறது. பிடிபடும் அளவு மாறாது.

உங்கள் உருளையில் நடப்பது எது என்று பிரித்தறிய, ஒரே கலங்கலை மூன்று உருளைகளில் எடுங்கள்: ஒன்று அப்படியே, ஒன்று அதே நீரால் பாதியாக நீர்த்தது, ஒன்று ஹெக்சாமெட்டாபாஸ்பேட் சேர்த்தது. நீர்த்த உருளை முதல் உருளையைவிட வேகமாகத் தெளிந்தால் தடையாக இருந்தது கூட்டம். நீர்த்த உருளை மெதுவாகத் தெளிந்தால், துகள்கள் சந்தித்து ஒட்ட வாய்ப்புக் குறைந்துவிட்டது என்று பொருள்: அங்கே நடப்பது திரளல். மூன்றாவது உருளை மட்டும் கலங்கலாகவே நின்றாலும் அதே முடிவு. தெளிந்த நீருக்கும் கலங்கலுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு தெரிந்து அது சீராக இறங்கினால் துகள்கள் கூட்டமாக இறங்குகின்றன. மேலிருந்து கீழே படிப்படியாக அடர்த்தி கூடிக்கொண்டு போனால் அளவு அளவாகத் தனித்தனியே இறங்குகின்றன. மூன்று உருளைகளிலும் மாற்றமே இல்லாமல், ஒருபக்கம் மட்டும் புகைபோல நெளிவுகள் ஏறுவதும் இறங்குவதுமாகத் தெரிந்தால், உருளைகளைச் சன்னலருகிலிருந்து எடுத்து நீர்த்தொட்டிக்குள் வைத்து மறுபடி தொடங்குங்கள்.